காத்திருக்கக் காசு வேண்டும்

போன பொங்கலுக்கு என் சின்னம்மா மகன் மிலான் நகரத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தான். அங்கே கணினி வேலை, எட்டு வருஷமாகிறது. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணி உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு பைப்பை எடுத்தான். புகையிலை அடைத்துப் பிடிக்கிற பைப். ஈழத்துக்காரர்கள் சுங்கான் என்பார்கள். எங்களுக்கெல்லாம் அது பழைய சினிமாவில் பட்டு கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிற பணக்கார அப்பாக்களின் வாயில் இருக்கும் சாமான். இவன் புகை பிடிக்கிறவன் இல்லை. அலமாரியில் வைக்க வாங்கினானாம்.

என் அப்பாவிடம் நீட்டினான். "பெரியப்பா, இத்த பாரு. கைல செஞ்சது. கம்பெனி பேரு, தரம், அளவு எல்லாத்தையும் கட்டையிலயே குத்தி வெச்சிருக்கான். இன்னா வெலன்னு சொன்னா நம்ப மாட்ட."

சொன்னான். ஐநூறு யூரோவுக்கு மேல். அதை ரூபாயாக்கிப் பார்க்க நைனா மெனக்கெடவில்லை. ஐம்பது வருஷம் குழித்தறியில் கால் வைத்திருந்தவர். துணியின் கரையைச் சோதிப்பதுபோல அந்தக் கட்டையின் ரேகை மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கட்டைய அறுத்துனு வந்து எத்தினி நாள் காய வெப்பான்?"

"நாள் இல்ல பெரியப்பா, வருஷம். பத்து வருஷம்கூட வெப்பாங்களாம்."

"அதுவரிக்கும் அவனுக்குச் சோறு யாரு போடறது?"

தம்பி அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டான். போகிற போக்கில், "அங்க பொறும இருக்குது பெரியப்பா. நம்மாளுங்களுக்கு அது இல்ல. அவசரம், அரைகொற. அதான் அவன் ஆர்ட்டிஸ்ட்டு, நாம கூலி" என்றான். நைனா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் அவர் சண்டை போடமாட்டார். நான் போடுவேன். திண்ணையில் போடாத சண்டையை இங்கே போடுகிறேன்.

ஏனென்றால் இது என் தம்பி ஒருவனின் கருத்து இல்லை. தமிழில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்களிலிருந்து தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வரை பலரும் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை இது. இத்தாலியில் ஒரு கிழவர் முப்பது வருஷமாகச் செருப்பு தைக்கிறார், ஜப்பானில் ஒருவர் நாற்பது வருஷமாகக் கத்தி தீட்டுகிறார், என்ன அர்ப்பணிப்பு, என்ன தவம்! அடுத்த பத்தியிலேயே பெருமூச்சு: நம் ஊரில் இந்த மனப்பான்மை இல்லையே. எழுதியவர் அன்றைக்குக் கட்டியிருக்கிற வேட்டியை நெய்தவன் எத்தனை வருஷமாக நெய்கிறான் என்று அவர் கேட்டிருக்க மாட்டார்.

இந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. இத்தாலிக்காரன் திறமை பொய் இல்லை. அது நிஜம். பொய் எங்கே இருக்கிறது என்றால், காத்திருப்பதைக் குணமாகக் காட்டுகிற இடத்தில். காத்திருப்பு குணம் இல்லை, முதல். வங்கியில் போட்டுவைக்கிற மாதிரி ஒரு முதல். அது இருப்பவன் கலைஞன் ஆகிறான். இல்லாதவன் எத்தனை பொறுமைசாலியாக இருந்தாலும் கூலிக்காரனாகவே இருக்கிறான்.

*

முதலில் அந்தக் கட்டையைப் பார்ப்போம்.

நல்ல பைப்புகள் பிரையர் என்ற மரத்தில் செய்யப்படுகின்றன. தாவரப் பெயர் எரிக்கா ஆர்போரியா. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளர்கிற புதர்ச்செடி. அதன் தண்டுக்கும் வேருக்கும் நடுவில் மண்ணுக்குள் ஒரு முடிச்சு திரளும். காட்டுத் தீயில் மேலே எல்லாம் எரிந்துபோனாலும் அந்த முடிச்சிலிருந்து செடி மறுபடி தளிர்க்கும். தீயைத் தாங்கிப் பழகிய கட்டை என்பதால்தான் அதற்குள் நெருப்பு வைத்துப் புகைக்க முடிகிறது. பயன்படும் அளவுக்கு முடிச்சு திரளப் பல பத்தாண்டுகள் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் செயின்ட் குளோட் என்ற ஊரில் இந்தக் கட்டையில் பைப் செய்யும் தொழில் வளர்ந்தது. அதற்கு முன்பு களிமண்ணிலும் மீர்ஷாம் என்ற வெண்கல்லிலும் செய்தார்கள்.

இத்தாலியில் கலாப்ரியா, டஸ்கனி, லிகூரியா பக்கத்துக் குன்றுகளில் இந்த முடிச்சைத் தோண்டி எடுக்கிறார்கள். எடுத்ததும் காய்ந்தால் வெடித்துவிடும். ஆகவே ஈரமாக மூடி வைக்க வேண்டும். பிறகு வட்ட ரம்பத்தில் துண்டு போட வேண்டும். துண்டுகளைக் கொதிக்கும் நீரில் மணிக்கணக்கில் வேகவைத்துத் துவர்ப்பை இறக்க வேண்டும். பிறகு நிழலில் மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்த வேண்டும். பைப் செய்கிறவர் அதை வாங்கித் தன் கிடங்கில் இன்னும் சில வருஷம் போட்டுவைப்பார். கட்டை எத்தனை ஆறுகிறதோ, புகை அத்தனை சுவை என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை.

தம்பி கொண்டுவந்தது காஸ்டெல்லோ என்ற பட்டறையின் பைப். மிலானுக்கு வடக்கே கான்டூ என்ற சிறிய ஊரில் 1947இல் கார்லோ ஸ்காட்டி என்பவர் தொடங்கியது. சில கைவினைஞர்கள் மட்டும் வேலை செய்கிற பட்டறை. எத்தனையோ வருஷம் ஆறவைத்த கட்டையில் செய்கிறோம் என்பதுதான் அவர்களுடைய பெருமை. இன்னொரு பெரிய பெயர் சாவினெல்லி. அது வேறு மாதிரி. 1876இல் அகில்லே சாவினெல்லி மிலான் பேராலயத்துக்குப் பக்கத்தில் புகையிலைச் சாமான்களுக்கென்றே ஒரு கடை வைத்தார். வரேசே பக்கத்துத் தொழிலாளிகளிடம் பைப் செய்யச் சொல்லி வாங்கி விற்றார். தாத்தா பெயரே கொண்ட பேரன்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948இல், பராஸ்ஸோவில் சொந்தத் தொழிற்சாலை ஆரம்பித்தார். இந்தக் கணக்கைக் கவனியுங்கள். சாவினெல்லி குடும்பம் சொந்தத் தொழிற்சாலை வைப்பதற்கு முன்பு எழுபது வருஷம் கடைக்காரர்கள். எழுபது வருஷக் கல்லாப்பெட்டி சம்பாதித்துக் கொடுத்ததுதான் அந்தக் காத்திருப்பு.

கட்டை கிடங்கில் சும்மா கிடக்கிற ஒவ்வொரு வருஷமும் அதற்குள் பணம் கிடக்கிறது. தோண்டியவனுக்கும் அறுத்தவனுக்கும் கொடுத்த பணம், கிடங்கு வாடகை, வட்டி. இதையெல்லாம் சேர்த்துத்தான் பைப்பின் விலை. நாம் அதைத் "தவம்" என்று படிக்கிறோம். பைப் செய்கிறவர் தன் கணக்குப் புத்தகத்தில் அதைச் சரக்கு இருப்பு என்று எழுதுகிறார்.

*

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

பொதட்டூர்பேட்டைக்குத் திருத்தணியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள், ஊருக்குள் இறங்கியதும் முதலில் கேட்பது தறிச் சத்தம். இப்போது பெரும்பாலும் விசைத்தறி. என் சிறுவயதில் குழித்தறிகள் அதிகம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்காக ம.பொ.சி. போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நகரி, புத்தூர். இரண்டு பக்கமும் நெசவு. மாநிலம் மாறியது, கூலி முறை மாறவில்லை. எங்களுக்கும் நகரிக்காரனுக்கும் நூல் கொடுக்கிறவர் வேறொருவர், துணியை எடுத்துக்கொள்கிறவரும் அவரே.

பொறுமை இல்லையாம் எங்களுக்கு. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 13,000 முறை நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்வர வேண்டும். 13,000 முறை கால் மிதிக்க வேண்டும், 13,000 முறை அச்சு அடிக்க வேண்டும். இது நெசவு மட்டும். அதற்கு முன்னால் பாவு ஓட்ட வேண்டும், விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட வேண்டும், அறுந்த இழை ஒவ்வொன்றையும் பிணைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும். இதில் எந்த இடத்தில் அவசரக்காரன் பிழைக்க முடியும்? பொறுமை இல்லாதவன் ஒரு வாரம்கூடத் தறியில் உட்கார முடியாது. அந்தத் தம்பியே உட்கார முடியாமல்தான் படித்து மிலானுக்குப் போனான். அதில் தப்பு இல்லை. நானும் உட்காரவில்லை.

எங்களிடம் இல்லாதது பொறுமை இல்லை, இடைவெளி. துணியை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. கூலி வந்தால்தான் அரிசி. நூல் எங்களுடையது இல்லை, ஆகவே துணியும் எங்களுடையது இல்லை. நன்றாக வந்த ஒரு சேலையை, "இது நல்லா வந்திருக்குது, தீபாவளிக்கு விலை ஏறும், அப்ப விக்கலாம்" என்று பெட்டிக்குள் வைக்க நைனாவால் ஒரு நாளும் முடிந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஏறும், தெருவில் பாவு போட முடியாது. அந்த மாதங்களில் நாங்களும் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புக்கு யாரும் விலை சேர்த்துக் கொடுக்கவில்லை. அது கடனாகத்தான் எங்கள் கணக்கில் ஏறியது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம், அதைக் கழிக்க அடுத்த பாவு, அது கழிவதற்குள் இன்னொரு மழை.

ஆக, காத்திருப்பு இரண்டு வகை. கான்டூவில் கட்டை காத்திருந்தால் விலை ஏறுகிறது. பொதட்டூர்பேட்டையில் மனிதன் காத்திருந்தால் வட்டி ஏறுகிறது. இதைப் பார்க்காமல் இரண்டு பேரின் குணத்தை ஒப்பிடுவது அயோக்கியத்தனம் என்று சொன்னால் கடுமையாகத் தெரியலாம். நான் தெரிந்தே சொல்கிறேன்.

*

பழுதைப் பற்றிப் பேசினால் இது இன்னும் தெளிவாகும்.

பிரையர் கட்டையின் உள்ளே சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். மண்ணில் வளரும்போது கல்லோ மணலோ உள்ளே சிக்கியதால் உண்டானவை. கடைந்து வழவழப்பாக்குகிற நேரத்தில்தான் அவை தெரியும். அதுவரை செய்த வேலை என்ன ஆகும்? பெரிய குழியாக இருந்தால் அந்தக் கட்டையைத் தூக்கிப் போடுவார்கள். சின்னதாக இருந்தால், வழவழப்பான பைப்பாக விற்காமல், மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி விற்பார்கள். பைப் தொழிலில் இது எல்லோரும் அறிந்த வழக்கம். அந்தச் சொரசொரப்பையே ஓர் அழகாக வளர்த்தெடுத்த பட்டறைகளும் உண்டு. காஸ்டெல்லோவின் மிகப் புகழ்பெற்ற வகைக்குப் பெயர் 'சீ ராக்'. கடல் அரித்த பாறை மாதிரி ஆழமாகக் கொத்திய பரப்பு. சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆக அந்தத் தொழிலில் பழுதின் செலவு விலைக்குள் ஏறிவிடுகிறது, அல்லது பழுதே ஓர் அழகாகிவிடுகிறது. எங்கள் தொழிலில் பழுது நெசவாளியின் தலையில் விழுகிறது. நூல் மட்டமாக வந்து இழை அறுந்து துணியில் ஓட்டை விழுந்தாலும், சாயம் சரியாக ஏறாமல் திட்டுத் திட்டாக வந்தாலும், துணியை மேசை மேல் விரித்துப் பார்க்கிறவர் சொல்வது ஒரே வார்த்தை: "டேமேஜ்." கூலியில் பிடித்தம். பிடித்த பிறகு அந்தத் துணி எங்கேயும் எரிக்கப்படுவதில்லை. அதுவும் கடைக்குத்தான் போகிறது, அதுவும் விற்கத்தான் படுகிறது. நைனாவுக்கு ஒருமுறை ஒரே பாவில் நான்கு உருப்படிக்குப் பிடித்தார்கள். நூல் கொடுத்தவரே பிடித்தார். "நூலு உன்னுதுதானே" என்று கேட்க நைனாவுக்கு வாய் வந்தது, வார்த்தை வரவில்லை. அடுத்த பாவு அவரிடம்தான் வாங்க வேண்டும்.

புகையிலைத் தொழிலிலேயே இதற்குச் சரியான ஜோடி உண்டு. அது இத்தாலியில் இல்லை. குடியாத்தத்திலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் வாசற்படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள். இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை ஓட்டையாக இருந்தால் அந்த இழப்பு சுற்றுகிறவளுக்கு. சுற்றிக் கொண்டுபோனதில் ஒரு பகுதியைக் கழிவு என்று தள்ளுவார்கள். தள்ளியதற்குக் கூலி இல்லை. 1966இலேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. கழிவுத் தட்டு மட்டும் இன்னும் காலியாகவில்லை. வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் ஒரு கட்டில் எல்லாப் பீடியும் ஒரே தடிமனாக இருக்கும். அந்தக் கைத்திறனை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததில்லை. பைப்பாகட்டும் பீடியாகட்டும், புகை நுரையீரலைக் கெடுப்பதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பேசுவது புகைக்காக இல்லை. கெடுதலான ஒரு பொருளைச் செய்கிற இரண்டு கைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் மாலை என்று கேட்கிறேன்.

*

"பெயர்தான் பிரச்சினை. நம்மாட்கள் பெயர் போட்டு விற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

உறையூரில் பருத்திச் சேலையும் நெய்கிறார்கள், சுருட்டும் சுற்றினார்கள். ஒரே ஊரில் இரண்டு கைத்தொழில். அந்தச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'திருச்சினாப்பள்ளி' என்ற பெயரில் லண்டன் வரை போயிற்று. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். சர்ச்சிலுக்கு நம் பக்கத்துச் சுருட்டு போயிற்று என்று திருச்சிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். இதைவிடப் பெரிய பெயர் வேறென்ன வேண்டும்? உலகத்தின் மிகப் பிரபலமான துப்பறிவாளர் சாம்பலிலேயே அடையாளம் கண்ட சரக்கு. ஆனால் அதைச் சுற்றிய ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? ஊருக்குப் பெயர் வந்தது. விற்ற கம்பெனிகளுக்குப் பணம் வந்தது. சுற்றியவருக்கு எண்ணிக்கைக் கூலி வந்தது.

இன்றைய புவிசார் குறியீடும் அப்படித்தான். காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி என்று ஊர்ப் பெயரைச் சட்டம் காப்பாற்றுகிறது. வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரில் விற்கக் கூடாது, சரி. ஆனால் அதே ஊரில் நூல் கொடுக்கிறவருக்கும் நெய்கிறவருக்கும் நடுவில் உள்ள கணக்கை அது தொடுவதில்லை. கோ-ஆப்டெக்ஸ் இன்னும் ஓர் அடி முன்னே போய், நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையைச் சேலையோடு வைத்தது. அந்த அட்டையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. மறுத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் இருக்கிற அந்த அம்மாவும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத்தான் நெய்கிறார். அந்தச் சேலை ஆறு மாதம் கழித்து என்ன விலைக்குப் போனாலும் அவர் கையில் வந்தது வந்ததுதான். பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையில் சரக்கு இல்லாதவனுக்குப் பெயர் என்பது புகைப்படம் மட்டும்தான்.

"இங்கே யார் அந்த விலை கொடுப்பார்கள்?" என்பது அடுத்த கேள்வி. கொடுக்கிறார்கள். தி.நகரில் கல்யாணப் பட்டு எடுக்கிற குடும்பம் எத்தனை ஆயிரம் கொடுக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். விலை நம் நாட்டிலேயே இருக்கிறது. அந்த விலை வருகிற வரைக்கும் சேலையை அலமாரியில் வைத்திருக்கிற சக்தி கடைக்கு இருக்கிறது, தறிக்கு இல்லை. ஆகவே கலைஞனுக்குச் சேர வேண்டியது கடைக்குச் சேர்கிறது. அப்படிப் பார்த்தால் நம் ஊரின் கார்லோ ஸ்காட்டி துணிக்கடை முதலாளிதான். இந்தக் கசப்பான உண்மையை ஒப்புக்கொள்ளாமல், "நம் நெசவாளிக்குப் பிராண்டிங் தெரியவில்லை" என்று அவருக்கு மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். அந்த மூன்று நாள் கூலியை யார் தருவார்கள் என்று நைனா கேட்பார்.

*

இத்தாலியைச் சொர்க்கமாக்குகிற வேலையையும் நான் செய்யப் போவதில்லை. அங்கேயும் பைப்பின் மேல் இருக்கிற பெயர், கலாப்ரியாக் குன்றில் குனிந்து முடிச்சைத் தோண்டியவனுடைய பெயர் இல்லை. கொதிக்கும் தொட்டியருகே நின்றவனுடைய பெயரும் இல்லை. காஸ்டெல்லோ இருக்கிற அதே கான்டூ, பைப் வருவதற்கு வெகு முன்பிருந்தே பின்னல் லேசுக்குப் பேர்போன ஊர். தலையணை மேல் குண்டூசி குத்தி, கட்டைக் கதிர்களில் நூலைச் சுற்றி, இழை இழையாகப் பின்னியவர்கள் பெண்கள். ஐநூறு யூரோ கொடுத்துப் பைப் வாங்குகிறவர் கார்லோ ஸ்காட்டியின் வரலாற்றைச் சொல்வார். லேசு பின்னிய ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டார். நூல் வேலை எந்த ஊரிலும் பெயர் இல்லாத வேலைதான் போலிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தார் சுற்றியது அம்மா. கஞ்சி காய்ச்சியது அம்மா. விடிகாலையில் பாவின் ஒரு முனையைப் பிடித்து நின்றது அம்மா. கூலிச் சீட்டில் இருந்தது நைனாவின் பெயர். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறி நெசவிலும் துணை வேலைகளிலும் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்தக் குடும்பங்களிடம் போய், "பத்து வருஷம் ஆறப்போடுங்கள், அப்போதுதான் கலை" என்று சொல்கிற துணிச்சல் நம் கட்டுரையாளர்களுக்கு உண்டா?

ஆனால் ஒரு விஷயத்தில் இத்தாலியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அது கிழவரின் தாடியில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. போரில் நொறுங்கிப்போன அந்த நாடு 1948இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, கைவினைத் தொழிலைப் பாதுகாத்து வளர்ப்பது சட்டத்தின் வேலை என்கிறது. அதற்கு முந்தைய மாதமே, கைவினைப் பட்டறைகளுக்குக் கடன் கிடைக்க வழிசெய்யும் ஆர்டிஜான்காசா என்ற நிதி அமைப்புக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 1956இல் எது கைவினைப் பட்டறை என்பதை வரையறுத்துத் தனிச் சட்டம் வந்தது. ஒரு பட்டறைக்காரர் கட்டையையும் தோலையும் கண்ணாடியையும் வாங்கிப்போட்டுக் காத்திருக்கலாம் என்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. காஸ்டெல்லோவும் சாவினெல்லியின் தொழிற்சாலையும் பிறந்த அதே 1947, 1948ஆம் வருஷங்கள் இவை. அந்த இரண்டு நிறுவனங்களும் அந்தக் கடனை வாங்கின என்று நான் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை எந்தக் காற்றில் மூச்சு விட்டது என்று சொல்கிறேன்.

நம் அரசியலமைப்பிலும் இருக்கிறது. 43ஆவது பிரிவு. கிராமப்புறங்களில் குடிசைத் தொழில்களைத் தனியாகவோ கூட்டுறவாகவோ வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. நம்மிடம் கோ-ஆப்டெக்ஸ் 1935இலிருந்து இருக்கிறது, இத்தாலியக் கடன் அமைப்புக்கும் முன்னால். ஆக, யோசனை நமக்கு இல்லாமல் இல்லை. ஆனால் 2015இலிருந்து ஆகஸ்ட் 7ஐத் தேசியக் கைத்தறி நாள் என்று கொண்டாடுகிற அரசு, 2020இல் அந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டது. வாரியம் பெரிதாக என்ன சாதித்தது என்று கேட்கலாம். நெசவாளி உட்கார்ந்து பேச ஒரு நாற்காலியாவது அங்கே இருந்தது. நாற்காலியை எடுத்துவிட்டு நாளைக் கொடுத்தார்கள். ஒரு நாள் கொண்டாட்டம். மீதி 364 நாளுக்கு நைனாவின் அதே கேள்வி.

*

ஆகவே என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, ஒரு தறிக்காரரின் மகனாக எனக்குத் தெரிந்த மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, நூல். நெசவாளியோ அவருடைய சங்கமோ சொந்தமாக நூல் வாங்கிப்போடக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். அந்தக் கடனைத் திருப்பும் தவணை துணி அறுக்கிற நாளிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, துணி விற்கிற நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நூல் யாருடையதோ அவர்தான் காத்திருக்க முடியும். மற்ற எல்லா யோசனைக்கும் முன்னால் இது.

இரண்டு, பழுது. நூலினாலும் சாயத்தினாலும் வருகிற பழுதுக்கு நூல் கொடுத்தவர் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். துணி விற்கிறதென்றால் கூலி பிடிக்கக் கூடாது. பீடிக்கும் இதே நியாயம்.

மூன்று, மழை. ஐப்பசி, கார்த்திகையில் தறி நிற்கிற நாளுக்கு ஒரு படி. கடலில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கிற மாநிலம் இது. காத்திருப்புக்குக் காசு கொடுப்பது நமக்குத் தெரியாத வித்தை இல்லை.

இதெல்லாம் வந்துவிட்டால் பொதட்டூர்பேட்டையில் தெருவுக்கு ஒரு கலைஞன் முளைத்துவிடுவான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பாதிப்பேர் கிடைத்த இடைவெளியில் நிம்மதியாகத் தூங்குவார்கள். அதுவும் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். மீதிப்பேரில் யாராவது ஒருவர் நன்றாக வந்த ஒரு துணியைப் பெட்டிக்குள் வைத்து, இன்னும் கொஞ்சம் நன்றாக ஒன்றை நெய்து பார்ப்போமே என்று உட்காரலாம். அந்த உட்காரலில்தான் நீங்கள் இத்தாலியில் பார்த்து வியந்த எல்லாமும் தொடங்கியது.

தம்பி ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், உறையோடு அந்தப் பைப்பை நைனாவிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். உண்மையான அன்புதான். நைனா வாங்கவில்லை. "எனுக்கு எதுக்குடா? நல்லா செஞ்சிருக்கான், நீயே வெச்சிக்கோ" என்றார். பிறகு அவனை உள்ளே கூட்டிக்கொண்டுபோய், மரப்பெட்டியைத் திறந்து, அவன் கல்யாணத்துக்கு என்று ஒரு வேட்டியை எடுத்துக் கொடுத்தார். நைனா கடைசியாகத் தறியில் உட்கார்ந்த வருஷம், சங்கத்தில் கடனாக நூல் வாங்கித் தனக்கென்று நெய்தது. விற்காமல் பெட்டிக்குள் வைத்திருந்த ஒரே துணி. அந்த நூல் கடனை அடைக்க அவருக்கு எட்டு மாதம் ஆனது என்பதை அவனிடம் அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.